பனியில்லாத சரிவு

நான் நோர்பரியில் ஏறிய பஸ்ஸின் மேல்தட்டில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழர்கள். ஜன்னலோரம் இருந்தவர் வெளியே கையைக் காட்டினார். பனிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் விரிப்பில் சறுக்குகிற சரிவு அது. மூடிவிட்டார்கள், விரிப்பின் நடுவே புல் முளைத்திருந்தது.

“அம்மா செத்ததுக்கு நான் தலை தோய்ஞ்சது அதிலைதான்.”

“என்ன அண்ணை சொல்லுறியள்?”

“அங்கைதான் அப்ப வேலை. விரிப்பு ஈரமா இருந்தால்தான் சறுக்க ஏலும். குழாயாலை நனைக்கிறது நான். ஒப்பீசுக்குப் போன் வந்தது. ஊரிலை சண்டை, போக வழியில்லை. செத்த செய்தி கேட்டால் உடனை தோயவேணுமெல்லே? உடுப்போடை சரிவிலை நிண்டு, அந்தக் குழாயைத் தலைக்கு மேலை பிடிச்சன்.”

“வெள்ளையள் சிரிச்சிருப்பாங்கள்.”

“இல்லை. உச்சியிலை ஏழெட்டுப் பேர் சறுக்க நிண்டவை. என்ன விளங்கிச்சோ தெரியாது, ஒருத்தரும் இறங்கேல்லை. நான் முடிக்குமட்டும் பேசாமல் நிண்டவை.”

பஸ் திரும்பியது, சரிவு மறைந்தது.

“அம்மான்ரை செத்தவீட்டுக்கு என்ரை பக்கத்தாலை வந்த சனம் அவ்வளவுதான்.”