பேத்தை சிரிப்பதில்லை

உங்கள் பொலிஸ் ஸ்டேஷன் பிளேன்டீ நன்றாக இருக்கிறது, சேர். இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள்.

கற்பிட்டியில் மரக்கட்டை செதுக்கித் துணிக்கு அச்சுப் பதிக்கிறவர்கள் நானும் என் தங்கை ஷிம்லாவின் மாப்பிள்ளை முபாரிஸும்தான். வலையில் செத்து வரும் மீன், நண்டு, கடற்குதிரை எதையாவது வாங்கிக் காயவைத்து, முள்ளையும் செதிலையும் சரிபார்த்துச் செதுக்குவேன். சாயம் தொட்டுப் பதித்தால், பார்த்த மீன்காரன் உடனே பெயர் சொல்ல வேண்டும். என் தொழிலுக்காக ஓர் உயிரைக்கூட நான் கொன்றதில்லை.

முபாரிஸ் நண்டுக்கு ஆறு கால் வைப்பான். பேத்தைக்குக் கண்ணிமை வைத்து, சிரிக்கவும் வைத்தான். பேத்தை நஞ்சு மீன், சேர். வலையில் வந்தால் எங்கள் ஆட்கள் கையோடு கடலில் எறிந்துவிடுவார்கள். அது சிரிக்காது. ஆனால் ஆலங்குடா ஹோட்டல்களில் தங்க வருகிறவர்கள் அந்தச் சிரிப்பைத்தான் அள்ளிக்கொண்டு போனார்கள். என் துணிகள் கொடியிலேயே வெளுத்தன. எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்கவில்லை.

"மச்சான், ஒங்கட மீனெல்லாம் மையத்து மாதிரிச் செத்துக் கெடக்கு. கொஞ்சம் சிரிக்க வைங்களேன்" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான்.

பெருநாளைக்கு ஷிம்லா வட்டிலப்பம் கொடுத்தனுப்பினாள். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது எங்கள் வழக்கமில்லை. அந்த வாரம் அச்சுக்காக ஒரு பேத்தையை உரித்திருந்தேன். எனக்கு வேண்டியது தோல்தான். மீதியை வீணாக்க மனம் வராமல் கருவாடாக்கி வைத்திருந்தேன். அதைப் பொரித்துத் தட்டு நிறைய வைத்தேன். தோலில்லாத பேத்தையை யார் அடையாளம் காண்பது? ஷிம்லா கருவாட்டைத் தொடமாட்டாள். தங்கை விஷயத்தில் நான் கவனமானவன்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஷிம்லா அண்ணனைத் தேடி ஓடிவந்தாள். "நானா, அவருக்கு நாக்கு மரத்துப் போச்சு. கதைக்க ஏலாமக் கெடக்காரு."

ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் நான்தான் கொண்டுபோனேன். வழி முழுக்க அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். டொக்டர் தங்கமான பிள்ளை. "என்ன மீன் சாப்பிட்டவர்? அது தெரிஞ்சாத்தான் உடன வைத்தியம் பாக்கலாம்" என்று திரும்பத் திரும்ப என்னிடம் கேட்டார். முபாரிஸ் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது அவனுக்கு மூச்சு இருந்தது.

"கட்டாக் கருவாடு, டொக்டர்" என்றேன்.

என் வாழ்நாளில் ஒரு மீனின் பெயரை நான் பிழையாகச் சொன்னது அந்த ஒருமுறைதான், சேர். அது மட்டும் இன்னும் உறுத்துகிறது.