அரைப்புள்ளி

— போதும் மீனா, இதுக்கு மேல வாசிச்சா எனக்குப் பிரசர் ஏறிரும்.

— மாசா மாசம் பத்திரிகையில வர்ற மதிப்புரைப் பக்கத்தை எனக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டுவீகள்ல? இன்னைக்கு உங்க பொஸ்தகம்னதும் தொண்டை கட்டிருச்சாக்கும். வாசிங்க, வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேக்குறேன்.

— ‘மெய்யநாதனின் தன்வரலாறு, “ஒரு பெரிய புள்ளியின் கதை”. ஆசிரியர் தம்மைப் பெரிய புள்ளி என்கிறார். வாசித்து முடித்தால் அரைப்புள்ளியாகத்தான் தெரிகிறார்.’ கேட்டியா? அச்சுக்கோக்குற பயகிட்ட அப்பவே சொன்னேன், கமாவெல்லாம் ஒழுங்கா வையிடான்னு!

— கமாவையா சொல்றாக?

— பின்ன? அரைப்புள்ளின்னா கமாவுக்கு அண்ணன். பள்ளிக்கூடத்துல படிக்கல?

— அது கெடக்கட்டும். நம்ம கோயில் வரியில அரைப்புள்ளின்னா யாரு?

— புருசனும் பொண்டாட்டியும் சேந்தா ஒரு புள்ளி. ரெண்டுல ஒண்ணு போயிருச்சுன்னா மிச்சம் இருக்கது அரைப்புள்ளி. அதுக்கும் இதுக்கும் என்ன... அடப்பாவி! நீ குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்க, என்னைப் போயி பொண்டாட்டி செத்தவங்கிறானா!

— பொஸ்தகத்துல நான் எங்க இருக்கேன்?

— ஏன், ஊட்டி வருதுல்ல? ‘நாங்கள் ஊட்டி சென்றோம்’னு.

— அந்த ‘நாங்கள்’ல கடைசி ‘ள்’ நானாக்கும்?

— கல்யாணத்துக்கு ஒரு அத்தியாயமே எழுதியிருக்கேன்!

— எழுதுனீக. மேளம் எந்த ஊரு, பந்தியில என்ன பலகாரம், ஊர்வலத்துக்கு யாரு காரு, எல்லாம் இருக்கு. கட்டுனது யாரைன்னுதான் இல்ல.

— பொண்டாட்டி பெருமையப் பேசுனா நாலு பேரு என்ன நினைப்பான்? ஒரு அடக்கம்தான்.

— அடக்கம்! கடை தொறந்த வருசம் நீங்க டைபாய்டுல கெடந்தீக. கைப்பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு கல்லாவுல உக்காந்தது யாரு?

— அதான் எழுதியிருக்கேனே, ‘இறைவன் அருளால் கடை ஒரு நாளும் மூடப்படவில்லை’ன்னு.

— ஓகோ. அந்த இறைவன் நான்தானா? இம்புட்டு நாளும் தெரியாமப் போச்சே.

— நீ வேற எரியிற நெருப்புல எண்ணெய ஊத்தாத. யாரு இந்த ‘ஒக்கூரான்’? புனைபேருல ஒளிஞ்சுக்கிட்டு எழுதுறான். உன் பொறந்த ஊர்க்காரன்தானே, உனக்குத் தெரியாதா?

— எங்க ஊரு ஆம்பளைக அட்டைப் படத்துக்கு மேல வாசிக்க மாட்டாகளே.

— போன மாசமும் இப்படித்தான், நெற்குப்பைக்காரரு சுயசரிதையக் கிழிச்சுத் தொங்கவிட்டான். ‘இது வாழ்க்கை வரலாறு அல்ல, வாங்கிய கார்களின் வரலாறு’ன்னு.

— அதுக்கு நீங்க விழுந்து விழுந்து சிரிச்சீக. ‘எழுதுனா இவன மாதிரி எழுதணும்’னீக.

— அது அடுத்தவன் பொஸ்தகம்! இது நம்ம அறுபதாங் கல்யாணத்துக்கு வாரவுகளுக்குத் தாம்பூலத்தோட குடுக்கப்போற பொஸ்தகம். மேடையில நான் உனக்கு மறுபடி தாலி கட்டுறேன், கீழ இருக்கவன் பொஸ்தகத்தப் பொரட்டி, ‘யாருய்யா இந்தப் பொண்ணு’ன்னு கேக்கப்போறான். மானம் போயிரும் மீனா!

— இப்பவாச்சும் வெளங்குச்சே.

— ஆனா ஒண்ணு இடிக்குது. பொஸ்தகக் கட்டெல்லாம் இன்னும் அச்சகத்துலதான் கெடக்கு. வெளிய வந்தது ஒரே பிரதி, அதுவும் நம்ம அலமாரிக்குள்ள. இவன் எப்படி வாசிச்சான்?

— அது கெடக்கட்டும். அச்சகத்துல கெடக்குன்னா இன்னும் ஒரு அத்தியாயம் சேக்கலாம்ல?

— சேக்கலாம்தான். செலவானாப் போகுது. ஆனா உன்னையப் பத்தி எங்கருந்து ஆரம்பிக்கிறது? எனக்கு ஒண்ணும் ஓடல.

— பிரசருக்குப் பயந்து பாதியில நிறுத்துனா எப்படி ஓடும்? கடைசிப் பாராவை வாசிங்க. டைபாய்டுலருந்து ஆரம்பிங்கன்னு எழுதியிருக்கேன்ல.