பழைய பாடத்திட்டத்துக்குக் கடைசித் தேர்வு

பாடத்திட்டம் எழுதுவதைப் போலச் சலிப்பான வேலை வேறில்லை. டீயும் பிஸ்கட்டும் இல்லாவிட்டால் எந்தப் பேராசிரியரும் அந்தக் கூட்டங்களுக்கு வரமாட்டார். ஆனால் மாற்றம் தேவைப்பட்டது. எழுபத்தொன்பதில் ஆரணிக் கடைத்தெரு முழுக்க டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருந்தது, பி.எஸ்ஸி. இயற்பியல் வகுப்பில் நாங்கள் இன்னும் பழைய ரேடியோ வால்வைக் கட்டிக்கொண்டு அழுதோம். பல்கலைக்கழகம் போட்ட குழுவுக்கு நான்தான் தலைவன். புதிய பாடத்திட்டம் நன்றாகவே வந்தது. விசாரிக்க வந்திருக்கும் நீங்களும் அதை ஒப்புக்கொள்வீர்கள்.

நீங்கள் கேட்பது அதன் கடைசிப் பக்கத்தைப் பற்றி. பாடத்திட்டம் மாறினால், பழையதில் தோற்றவர்களுக்கு மூன்று வருடமாவது தேர்வு வைப்பது வழக்கம். ஒரே முறை போதும், அதிலும் தவறினால் முதலாம் ஆண்டிலிருந்து படிக்கட்டும் என்று எழுதினேன். தரம் வேண்டாமா?

என் மகள் அபிதகுசாம்பாளுக்கு ஒளியியல் மட்டும் பாக்கி இருந்தது. அதை முடித்துவிட்டு மெட்ராஸில் எம்.எஸ்ஸி. சேர்வேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா போனபிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். பூட்டிய வீட்டைத் திறந்துகொண்டு தனியாக உள்ளே போவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது.

தேர்வன்று காலை, ஹால் டிக்கெட்டோடு செருப்பை மாட்டினாள். நெஞ்சு வலிக்கிறது என்றேன்.

“படுத்துக்குங்கப்பா, ஜல்தியா டாக்டர இட்டுகினு வரேன்.”

போகவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் டாக்டரைத் தேடி ஓடினார். பத்தரை மணிக்குத்தான் அவள் கையை விட்டேன். பத்து மணித் தேர்வுக்கு அரை மணி தாமதமானால் ஹாலுக்குள் விடமாட்டார்கள். அந்த விதியை நான் எழுதவில்லை. வலியும் இல்லை.

அந்தத் தேர்வோடு நாற்பது பேருக்கு மேல் படிப்பு நின்றது. சேவூர் தணிகாசலம், தறியில் உட்கார்ந்துகொண்டே படித்தவன், வீடு தேடி வந்தான்.

“ஒரே பேப்பர் சார். இன்னொரு சான்ஸ் வாங்கிக் குடுங்க சார்.”

“ரூல்ஸ்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்பா. எம்பொண்ணுக்கே நான் கேக்கல.”

கும்பிட்டுவிட்டுப் போனான். என் நேர்மையை ஊரே மெச்சியது.

ஐந்து வருடமாகிறது. இல்லாத வலிக்கு மாத்திரையை வேளை தவறாமல் அவள்தான் எடுத்துத் தருகிறாள். போன மாதம் கண்ணமங்கலத்திலிருந்து நல்ல வரன் வந்தது. “உங்கள இப்டி வுட்டுட்டு நான் எங்கப்பா போறது?” என்று மறுத்துவிட்டாள். நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அது அவளாகவே எடுத்த முடிவு.