பின் சக்கர நட்டு

— வண்டி எந்த ஸ்பீடுல ஆடுது? நாப்பதுலயா, அறுபதுலயா?

— தெரியலண்ணா. ஆடுதுன்னாரு.

— ஹாண்டில் நடுங்குதா, பின்னாடி மீன் வாலாட்டற மாதிரி இழுக்குதா? ரெண்டும் வேற வேற வியாதி, மணிமொழி.

— பின்னாடி. பின் சக்கரத்தப் பாருங்க.

— டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. அடி அண்ணாமலைல இருந்தா தள்ளினு வந்த, இந்த வெயில்ல? கிரிவலம் வர்றவன்கூட கைய வீசினுதான் நடப்பான்.

— நாலு மணிக்குள்ள ஆயிடுமா, திருமலண்ணா? பாப்பாவ ஸ்கூல்ல இருந்து இதுலதான் கூட்டினு வரப்போறாரு. டேங்க் மேல உக்கார வெச்சு.

— தருமன் எங்க? அவன் எடுத்துனு வரவேண்டியதுதானே.

— தூங்கறாரு.

— பகல்லயே ஊத்திக்கினானா. சரி, தள்ளி நில்லு. டயர் நல்லாருக்கு. காத்து இருக்கு. கம்பி எதுவும் லூஸ் இல்ல. சுத்தி விடறேன், பாரு, கோணல் இல்ல. புடிச்சு ஆட்டுனா... அடங்கொப்புரானே.

— என்னாண்ணா?

— அச்சு நட்டு ரெண்டு மரையில தொங்கினு இருக்குது. அது கழலாம இருக்க குறுக்கால ஒரு இரும்புப் பின் குத்தியிருக்கும். அதக் காணோம்.

— விழுந்திருக்கும்.

— விழாது. அந்தப் பின்னோட ரெண்டு காலையும் மடக்கித்தான் உட்டிருப்போம். குறடு போட்டு நிமித்தி உருவணும். இதோ, கீறல் புதுசா இருக்குது. தருமன் போற கீழ்பென்னாத்தூர் ரோட்ல பஸ்ஸுங்க வர்ற வேகத்துக்கு வீலு கழண்டுச்சுன்னா, வாரித்தான் எடுக்கணும். உன் ஊட்டுக்காரனுக்கு யார்கூடயாவது தகராறா?

— தகராறு இல்லாத நாள் ஏது.

— வெளியாளக் கேட்டேன். கை ஏன் வீங்கியிருக்குது?

— கதவு இடிச்சிடுச்சு.

— போன மாசமும் அதே கதவா?

— நாலு மணிக்கு ஆயிடுமாண்ணா?

— ஆவும், இரு. இதப் பாரு. கழட்டனவனே திருப்பி முறுக்கப் பாத்திருக்கான். கோணலா ஏத்தி மரையக் கெடுத்து வெச்சிருக்கான். அதுக்கு மேல ஏறல, உட்டுட்டான். எதிரிக்கு நடுவுல மனசு மாறுமா?

— புது நட்டு போடுங்க.

— நட்டு போடறேன், பின்னும் போடறேன். ஆனா ஆடுதுன்னு தருமன் சொன்னான்னியே, எப்ப சொன்னான்? இந்த நட்டோட வண்டிய எடுத்திருந்தா அவன் ஊட்ல படுத்துத் தூங்கினு இருக்க மாட்டான். ஜி.எச்.லதான் இருப்பான். இல்லன்னா அதுக்கும் அந்தாண்ட.

— எடுக்கல.

— அப்போ யாரு ஆடுதுன்னது?

— எத்தினி மணி ஆவுதுண்ணா?

— மூணே கால். மணிமொழி, இது வெளயாட்டு இல்ல. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடு. நானும் வந்து சொல்றேன். ஒரு உசுரக் கணக்குப் பண்ணித்தான் எவனோ செஞ்சிருக்கான்.

— நான் கழட்டனப்ப அவரு ஒண்டியாப் போறதாத்தான் இருந்துச்சுண்ணா.