லைனில் இருந்தவன்

இரவு பதினொன்றே முக்கால். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலை. பூஞ்சேரி கூட்டுரோடு தாண்டினால் வெளிச்சம் முடிந்தது. கொஞ்ச தூரத்தில் ஓர் ஏரிக்கரை... மூன்று கிலோமீட்டர். வீடு கிடையாது. டீக்கடை கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் பனைமரம்.

இருங்கள், அதற்கு முன்னால் ஒரு நிபந்தனை. எல்லாரும் செல்போனை அணைத்து வையுங்கள். காலையில் ஓட்டுப்பதிவு. அதுவரை இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு நாம் ஐந்து பேரும் நகர முடியாது. கரண்டும் இப்போதைக்கு வருகிற மாதிரி தெரியவில்லை. ஸ்ரீவத்ஸன் சார், உங்களுக்கும்தான் சொல்கிறேன். பாதியில் மணியடித்தால் மறுபடி முதலிலிருந்து சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

இது என் சிநேகிதன் முத்துசாமியின் தங்கை வீட்டில் நடந்தது. தங்கை பெயர் சந்திரம்மா. அவள் புருஷன் பூபாலன், திருக்கழுக்குன்றத்தில் ரீசார்ஜ் கடை வைத்திருந்தான். அவனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து சுற்றியவன் சம்பத். சம்பத்துக்கு மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டலில் வேலை. கிளம்பப் பதினொன்றரை ஆகிவிடும். ஆளைப் பார்த்தால் ஆறடி, முறுக்கு மீசை. ஆனால் இருட்டு என்றால் அவனுக்குக் கை கால் உதறும். அது பூபாலன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு கம்பெனி ஜோடி சிம் விட்டது. இரண்டு நம்பர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ராத்திரியில் பேச்சு இலவசம். ஊரில் எல்லாரும் பெண்டாட்டிக்கு வாங்கிக் கொடுத்தார்கள். பூபாலன் சம்பத்துக்கு வாங்கிக் கொடுத்தான்.

"என்னக் கட்டினியா, அவனக் கட்டினியா?" என்று சந்திரம்மா கேட்டாளாம்.

ஏற்பாடு இதுதான். சம்பத் வண்டியை எடுக்கும்போது பூபாலனைக் கூப்பிடுவான். இயர்போனை மாட்டிக்கொள்வான். இங்கே வீட்டில் பூபாலன் ரேடியோவுக்குப் பக்கத்தில் போனை வைத்துவிடுவான். பழைய பாட்டு ஓடும். பாட்டைக் கேட்டுக்கொண்டே சம்பத் ஏரிக்கரையைத் தாண்டிவிடுவான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, "வந்துட்டேன் மச்சான், வெச்சிடு" என்பான். அந்த வார்த்தை வருகிறவரை பூபாலன் வைக்கக் கூடாது. சத்தியம்.

ஒரே ஒரு தொல்லை. அந்தக் காலத்துப் போன்... குறுக்கே வேறு அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடும். சில சமயம் லைனே அறுந்துவிடும். போன பாட்டு தானாகத் திரும்பி வராது. யாராவது ஒருவன் மறுபடி கூப்பிட்டாக வேண்டும். கூப்பிடுவான் பூபாலன். ஒரு நிமிடம்கூடத் தாமதித்ததில்லை. எட்டு மாதம் இப்படி ஓடியது.

"ஏன் சார், செலவு பண்ணி ரேடியோ வெச்ச போனே வாங்கியிருக்கலாமே?"

ஸ்ரீவத்ஸன் சார், வாங்கியிருக்கலாம். ஆனால் ரேடியோவுக்கு அவன் பயம் தெரியுமா? அந்த முனையில் தனக்காக ஓர் ஆள் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான் என்பதுதானே தெம்பு. இனி குறுக்கே பேசாதீர்கள்.

கார்த்திகை மாதம். மழை விட்டிருந்த ராத்திரி. சம்பத் ஏரிக்கரையில் ஏறி அரை கிலோமீட்டர்கூட ஆகவில்லை. பாட்டு நின்றது. ஒரு வார்த்தையின் பாதியில்... டக்.

சரி, கூப்பிடுவான் என்று ஓட்டினான். கூப்பிடவில்லை. வண்டி சத்தம் மட்டும். தவளை கூடக் கத்தவில்லை. வேகத்தைக் குறைத்து இவனே கூப்பிட்டான். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி. மறுபடி. அதே குரல்.

அப்போது பின் சீட் அமுங்கியது.

க்ரீச்... என்று ஸ்பிரிங் இறங்கிற்று. ஆள் ஏறி உட்கார்ந்தால் எப்படி இறங்குமோ அப்படி. கூடவே ஒரு வாசனை. பத்து நாள் பிழியாமல் வைத்த ஈரத்துணி வாசனை. சம்பத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாமல் இரண்டரை கிலோமீட்டர். பிடரியில் யாரோ மூச்சு விட்டது... குளிர்ச்சியாக இருந்ததாம். ஊருக்குள் முதல் தெருவிளக்கு வந்ததும் ஸ்பிரிங் மேலே ஏறியது.

இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் நேராக ரீசார்ஜ் கடைக்குப் போனான்.

"ஏன்டா போன அணைச்ச?"

பூபாலன் விழித்தான். "நீதானே இன்னொரு வாட்டி கூப்ட்ட? வந்துட்டேன் மச்சான், வெச்சிடுன்னு நீதானே சொன்ன? அப்பால தான் அணைச்சிட்டுப் படுத்தேன்."

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே ஓர் அழைப்பு வந்திருக்கிறது. திரையில் சம்பத் பெயர். லைன் அறுந்து மறுபடி கூப்பிடுகிறான் என்று நினைத்து எடுத்திருக்கிறான். அதே குரல், அதே வார்த்தை. பூபாலன் போனைக் காட்டினான். பதினொன்று ஐம்பதுக்கு வந்த அழைப்பு, சம்பத் நம்பரிலிருந்து. சம்பத் தன் போனைக் காட்டினான். அந்த நேரத்தில் அவன் அப்படிக் கூப்பிட்டதற்குத் தடயமே இல்லை.

"தூக்கம் வந்துச்சின்னு சொல்லுடா. பேஜாரா கீது, இனிமே முடியாதுன்னு சொல்லு. ஒத்துக்கறேன். பொய் மட்டும் சொல்லாத."

"உன் மேல சத்தியமா..."

"அந்தச் சத்தியத்தத்தான் ஏரிக்கரையில பார்த்தேனே."

அதோடு பேச்சு நின்றது. முப்பது வருஷச் சிநேகிதம், ஒரு போன் அழைப்பில் போயிற்று. பூபாலன் சரியாகச் சாப்பிடவில்லை. கட்டிய பெண்டாட்டி திட்டினால் தாங்குவான், சம்பத் பொய்யன் என்று சொன்னதை அவனால் தாங்க முடியவில்லை. சம்பத் பஸ் கிடைக்கிறபோது பஸ்ஸில் வந்தான். கிடைக்காதபோது ஓட்டலிலேயே படுத்துக்கொண்டான். தெருவில் எதிரே பார்த்தால் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இருபது நாள் கழித்து... ராத்திரி பன்னிரண்டேகால். பூபாலன் போன் அடித்தது. சம்பத்.

"மச்சான், ஏரிக்கரையில வண்டி நின்னு போச்சு. கொயந்தைக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னாங்க, அதான் கெளம்பி வந்தேன். பின்னாடி யாரோ நிக்கறாங்க மச்சான். வாடா."

பூபாலனுக்கு வேர்த்துவிட்டது. அதே குரல். ஒரு முறை இந்தக் குரலை நம்பித்தானே பொய்யன் ஆனான்?

"நீ யாரு?" என்று கேட்டான்.

"நான்தான்டா. சம்பத்து."

வைத்துவிட்டான். போனை அணைத்தான். பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். சந்திரம்மா தூக்கத்திலேயே யார் என்று கேட்டாள். ராங் நம்பர் என்றான்.

இந்த இடம் வந்தாலே எனக்கு வயிறு எரிகிறது. நிஜமாகவே அவன்தானா என்று பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? நாலு வீடு தள்ளிச் சம்பத் வீடு. போய்க் கதவைத் தட்டியிருந்தால் தெரிந்திருக்கும். பயந்தான் என்று முத்துசாமி சொல்கிறான். என்னால் அதை முழுசாக நம்ப முடியவில்லை. பொய்யன் என்று சொன்னாயே, படு... என்று அடிமனசில் ஒரு மூலை சொல்லியிருக்கும். சிநேகிதனைக் கைவிடுகிறவன் எப்போதும் ஒரு நியாயத்தோடுதான் கைவிடுகிறான்.

பூபாலன் கண்ணை மூடவில்லை. நாலரை மணிக்குப் பொறுக்க முடியாமல் சம்பத் வீட்டுக்குப் போனான். சம்பத்தின் பெண்டாட்டி மடியில் குழந்தையோடு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"பன்னெண்டு மணிக்கே கெளம்பினாராம்ணா. இன்னும் வரல."

ஓடினான். முத்துசாமியை எழுப்பி, அவன் வண்டியிலேயே இரண்டு பேரும் போனார்கள். ஏரிக்கரை போய்ச் சேரும்போது கிழக்கே லேசாக வெளுத்திருந்தது.

மதகுக்குப் பக்கத்தில் பைக் நின்றது. சம்பத் மதகுக் கட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உயிரோடுதான். காதில் இயர்போன். பாட்டுக்கு ஏற்ற மாதிரி தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தான். முகத்தில் சிரிப்பு. சட்டை மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது. மழை பெய்து நாலு நாள் ஆகியிருந்தது.

"வா முத்துசாமி" என்றான் சம்பத், டீக்கடையில் பார்த்த மாதிரி.

பூபாலன் அவன் காலடியில் உட்கார்ந்துவிட்டான். "மச்சான், மன்னிச்சிடுடா. நீன்னு தெரியலடா எனக்கு."

சம்பத் அவனை மேலும் கீழும் பார்த்தான். பிறகு முத்துசாமியைக் கேட்டான்.

"இது யாரு?"

"பூபாலன்டா."

"இன்னா வெளையாடறியா? பூபாலன் லைன்ல கீறான். ராத்திரி பூரா அவன்தான் தொணை. ஒரு தபா கூட வெக்கல தெரியுமா? அவன் மாதிரி சிநேகிதன் எவனுக்கு வாய்ப்பான்?"

சொல்லும்போது அவன் கண்ணில் தண்ணீர். சந்தோஷத் தண்ணீர்.

முத்துசாமி குனிந்து அவன் கையிலிருந்த போனைப் பார்த்தான். அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. பூபாலன் நம்பர். ஐந்து மணி நேரம் பத்து நிமிடம்... பதினொன்று... கண்ணெதிரே ஏறியது.

பூபாலனின் போன் பூட்டிய பீரோவுக்குள் இருந்தது. சாவி அவன் இடுப்பில் இருந்தது. தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

பூபாலன் கையை நீட்டி, சம்பத்தின் ஒரு காதிலிருந்து இயர்போனை எடுத்தான். சம்பத் தடுக்கவில்லை. முத்துசாமியும் முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனான். ரேடியோவில் பழைய பாட்டு. அதற்குப் பின்னால் மின்விசிறி சத்தம்... பூபாலன் வீட்டு மின்விசிறி, மூன்றாவது சுற்றுக்கு ஒரு முறை கிறீச் என்னும்.

பாட்டு நின்றது. யாரோ ரேடியோவை அணைத்தார்கள்.

வளையல் சத்தம். பிறகு சந்திரம்மாவின் குரல், தூக்கக் கலக்கத்தோடு. "பொழுது விடிஞ்சி போச்சி. இன்னும் இன்னா பேச்சு? டீ ஆறிப்போவுது பாரு."

தரையில் டம்ளர் வைக்கிற சத்தம்.

"இதோ முடிஞ்சிது சந்திரா" என்றது பூபாலனின் குரல். "நீ இப்படி வா. பக்கத்துல வந்து உக்காரு."

பிறகு, நிதானமாக, டீயை ஒரு வாய் உறிஞ்சுகிற சத்தம்.