ஜூலை மாதத்து மை

நீங்கள் கொண்டுவந்த போட்டோவில் இருப்பது என் கையெழுத்துதான். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்தே என் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பார்கள். இப்போது கை நடுங்குவதால் கொஞ்சம் சாய்கிறது, அவ்வளவுதான். நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்காருங்கள், அம்மா. அந்த மூலையில் சுவர் ஈரம் அடிக்கும்.

எழுத்தை வைத்துத்தான் எனக்கு அந்த வேலையே கிடைத்தது. யுத்தம் தொடங்கிய வருஷம் அடையாள அட்டை ஆபீசுக்கு ஏழு பெண்களை எடுத்தார்கள். பெயர், பிறந்த தேதி, தொழில், மச்சம் எல்லாவற்றையும் கையால் எழுதி, போட்டோ ஒட்டி, பாதி போட்டோவிலும் பாதி அட்டையிலும் விழுகிற மாதிரி முத்திரை குத்த வேண்டும். சூப்பிரண்டு யாரையும் பாராட்டாத மனிதர். என் மேஜைக்கு வந்தால் மட்டும், "உங்க எழுத்தைப் பார்த்தா கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கும்மா" என்பார். மற்ற ஆறு பேருக்கும் வயிற்றெரிச்சல்.

சிலருடைய அட்டையில் மூலைக்கு மூலை ஒரு சிவப்புக் கோடு போடச் சொல்லி உத்தரவு வந்தது. கோட்டுக்காரர்கள் என்றே அவர்களுக்குப் பெயர் ஆகிவிட்டது. முதலில் அவர்களுக்கு பஸ்ஸில் இடம் கிடையாது என்றார்கள், பிறகு வேலை கிடையாது என்றார்கள், பிறகு அவர்கள் தெருக்களுக்கு லாரி வர ஆரம்பித்தது. கோடு போடுவது பக்கத்து மேஜைக்காரியின் வேலை. நான் எழுதியதோடு சரி.

ஒரு நாள் அடுத்த தெருவில் குண்டு விழுந்து எங்கள் ஆபீஸ் ஜன்னல்கள் அத்தனையும் நொறுங்கின. கண்ணாடி போட ஒருவர் வந்தார். அவரும் கோட்டுக்காரர்தான், ஊரில் வேறு ஆள் இல்லாததால் விட்டு வைத்திருந்தார்கள். கண்ணாடிமேல் ஒரே இழுப்பில் கோடு கீறி, விரலால் ஒரு தட்டு தட்டுவார். பிசிறில்லாமல் இரண்டாகும். என் மேஜைமேல் காற்று அடிக்கிறது என்று என் ஜன்னலை முதலில் முடித்துக் கொடுத்தார். அதற்கு மேல் அவர் ஒன்றும் செய்யவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

கடைசி ஜன்னல் முடிந்த அன்றைக்குக் கேட்டேன், "நாளைக்கு எங்க வேலை?"

"நாளைக்கு லாரிதாங்க" என்று சிரித்தார்.

"எங்க வீட்டுலயும் ஒரு கண்ணாடி போயிருக்கு. இப்பவே வந்து பாத்துட்டுப் போங்க."

வந்தவர் போகவில்லை. என் அத்தை மகன் ஒருவன் கப்பல் வேலைக்குப் போய் ஒன்பது வருஷமாகத் தகவல் இல்லை. அவன் பெயரையும் பிறந்த தேதியையும் போட்டு இவருக்கு ஒரு புது அட்டை எழுதிக் கொடுத்தேன். கல்யாணமாகாத பெண் வீட்டில் ஓர் ஆண் இருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று, எங்கள் கல்யாணத்தையும் நானே பதிந்தேன். அவருடைய பழைய அட்டையை அடுப்பில் போட்டேன். போடுவதற்கு முன்னால் முழுக்கப் படித்தேன், தொழில் பழக்கம். 'திருமணமானவர்' என்று இருந்தது. அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

புதுப் பெயருக்கு அவரைப் பழக்கினேன். அவர் அசந்திருக்கும்போது சமையலறையிலிருந்து திடீரென்று கூப்பிடுவேன். இரண்டே வாரத்தில் சட்டென்று திரும்பினார். கீழ்வீட்டு அம்மாள், "என்னடி, உன் வீட்டுக்காரரு வாயில்லாப் பூச்சியா இருக்காரு? நீ பேசவே விடறதில்லையா?" என்பாள். "எங்க அத்தை பெத்ததே அப்படித்தான்" என்பேன். மூன்று பேரும் சிரிப்போம். ஆள் முன்னால் அவர் என்னை வா, போ என்பார். தனியாக இருக்கும்போது வாங்க, போங்க. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

பதினான்கு மாதம் அப்படிப் போனது. என் வாழ்க்கையிலேயே நான் நன்றாகத் தூங்கியது அப்போதுதான்.

ஜூன் கடைசியில் ஒரு சாயங்காலம், சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே சொன்னார். "எனக்கு ஒரு சம்சாரம் இருக்காங்க. மாவு மில்லுல தவிட்டு மூட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கா. அவளுக்கும் ஒரு அட்டை எழுத முடியுங்களா? பாலத்தைத் தாண்டிட்டா அந்தப் பக்கம் கேள்வி கேக்க ஆளில்ல. நாங்க ரெண்டு பேரும் போயிடறோம். உசிரு இருக்கிற வரைக்கும் உங்களை மறக்கமாட்டோம்."

மறக்கமாட்டோம் என்றார். மாட்டேன் என்று சொல்லவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

எழுதினேன். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு அழகாக நான் ஒரு அட்டை எழுதியதில்லை. ஜூலை ஆறு என்று தேதி போட்டேன். மில்லுக்குப் பின்பக்கம் நானே போய் அவள் கையில் கொடுத்தேன். சின்ன உருவம், தலை முழுக்கத் தவிட்டுத் தூசு. அட்டையைப் புடவையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணும் குறை இல்லையேக்கா?"

"பேரைத் திக்காம சொல்லு, தைரியமா நீட்டு. நாங்களும் பின்னாடியே வரிசையில நிப்போம்" என்றேன்.

என் கையைப் பிடித்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

மை விஷயத்தைச் சொல்ல வேண்டும். முத்திரை மையின் நிறத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவார்கள். ஜூன் முப்பதுவரை ஊதா, ஜூலை ஒன்றிலிருந்து பச்சை. ஆபீசில் எங்களுக்கும், சோதனைச் சாவடியில் இருப்பவர்களுக்கும் மட்டும்தான் தெரியும். அவர்கள் போட்டோவைக்கூடச் சரியாகப் பார்க்கமாட்டார்கள். தேதியைப் பார்ப்பார்கள், நிறத்தைப் பார்ப்பார்கள், போ என்பார்கள். அவளுடைய அட்டையில் முத்திரை ஊதாவாக இருந்தது.

கை தவறி நடந்ததா என்று கேட்கிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஊதா மைத்தட்டுகளை ஜூன் முப்பதாம் தேதியே திருப்பி வாங்கிவிட்டார்கள். ஒன்று குறைகிறது என்று சூப்பிரண்டு இரண்டு நாள் கத்தினார். அது என் டப்பாவில், சாப்பாட்டுக்கு அடியில் இருந்தது.

பதிவில் நான்தான் அவர் மனைவி என்பதால் பாலத்தில் அவரோடு நான் நின்றேன். எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அவள் பெயரைத் திக்காமல் சொன்னாள். சாவடிக்காரர் அட்டையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார், இன்னொருவரைக் கூப்பிட்டார். அவளைக் கூட்டிக்கொண்டு போனபோது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இவரையும் பிடித்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. புத்திசாலிப் பெண். இவர் ஓடப் பார்த்தார். நான் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், என் நகம் பதிந்து ரத்தம் வந்தது. விட்டிருந்தால் அவரையும் சுட்டிருப்பார்கள். ஆக, அவர் உயிரை நான் இரண்டு தடவை காப்பாற்றியிருக்கிறேன். அதை எழுதிக்கொண்டீர்களா?

யுத்தம் முடிந்த பிறகு, திரும்பி வந்தவர்களின் பெயர் ஒட்டியிருந்த பலகைகளை எல்லாம் ஒரு வருஷம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நானும் கூடப் போவேன், எழுத்து பொடியாக இருந்தால் படித்துச் சொல்வேன். பிறகு நின்றுவிட்டார். கண்ணாடிக் கடை வைத்தோம். என் அத்தை மகன் பெயரிலேயே கடைசிவரை இருந்தார்.

அந்த ஜூலைக்கு இருபத்தேழு வருஷம் கழித்து, பழைய ஆபீஸ் கட்டிடத்தில் அந்தக் காலத்து அட்டைகளைக் கண்காட்சியாக வைத்தார்கள். கண்ணாடிப் பெட்டி செய்ய இவரைத்தான் கூப்பிட்டார்கள். உங்கள் போட்டோவில் இருக்கிற அதே அட்டை, பக்கத்தில் ஒரு குறிப்பு: தேதி ஜூலை, மை ஊதா, போலி எனப் பாலத்தில் பிடிபட்டது. அதன்மேல் கண்ணாடியைப் பொருத்திவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். வேலையை அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை.

கைகால் கழுவினார். சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்தார். பிறகு கேட்டார், "அந்த ஜூலைல உங்க ஆபீசுல என்ன கலர் மைங்க?"

"பச்சை."

"சரிங்க."

அதன் பிறகு பதினோரு வருஷம் இருந்தார். போன மாதம்தான் போனார். நான் சமைத்ததைச் சாப்பிடுவார், மாத்திரையைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், கடைக்குப் போவார், வருவார். அந்த 'சரிங்க'வுக்கு அப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இயல்பிலேயே அமைதியான மனிதர் என்று முதலிலேயே சொன்னேனே.

மொத்தம் முப்பத்தொன்பது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், அம்மா. எங்களுக்குள் ஒரு நாள், ஒரு சண்டை வந்ததில்லை.