கூடப் பிறந்தவர்கள் உண்டா?

— ரோஸ் ரிப்பன்தானுங்களே கேட்டா. பச்சைய வாங்கீட்டு வந்திருக்கறீங்க.

— செவ்வாய்ப்பேட்டைல ஒரு கடை உடலை, கண்ணாத்தா. ரோஸ் தீந்து போச்சுங்கறான். மயிலு அழுதாளா?

— அவளா அழுவா? எங்கப்பனுக்கு ரிக் லாரி ஓட்டத்தான் தெரியும், கலரு தெரியாதுன்னு சிரிச்சா. ரெட்டைச் சடை போட்டு உட்டேன், அப்பிடியே கண்ணசந்துட்டா. வாங்க, இந்த மரத்தடில உக்காருங்க. வார்டுக்குள்ள பேசுனா முழிச்சுக்குவா.

— ரத்தம் ஏத்தியாச்சா?

— மூணாவது பாட்டில். ஏத்தறது ரெண்டு நாளுகூட நிக்கறதில்லீங்க. நேத்து டாக்டரு சொன்னது நெனப்பிருக்குதுங்களா?

— மறக்குமா? எலும்புக்குள்ள நல்லியிலதான் ரத்தம் ஊறுதாம். இவளுக்கு அந்த ஊத்து வத்திப் போச்சாம். ஊரு ஊராப் போயி போர் போடறவன் புள்ளைக்கு!

— கூடப் பொறந்தவங்க நல்லிய ஊசில எடுத்து ஏத்துனா மறுக்கா ஊறுமாம். பெரிய ஊருகள்ல இப்பத்தான் செய்ய ஆரம்பிச்சிருக்காங்களாம். நம்முளுக்குத்தான் ஒத்தப் புள்ளையாப் போச்சு. ஏனுங்க, இன்னொண்ணு பெத்துக்குவமா?

— பத்து வருசம் கழிச்சா? ஊரு சிரிக்கும்.

— சிரிச்சாச் சிரிக்கட்டும். எனக்கு முப்பதுகூட ஆவல.

— அதில்ல புள்ள. நேந்து உடறதுக்கு அதென்ன மேச்சேரிக் கெடாவா? பொறக்கறதுக்கு முன்னாடியே அதோட ஒடம்புல பங்கு கேக்கறியே, அதுகிட்ட யாரு சம்மதம் கேக்கறது?

— எடுத்தாலும் மறுபடி ஊறிக்கும்னாருங்களே. குடுத்த கொழந்தைக்கு ஒரு கொறையும் இல்லயாம்.

— நாலுல ஒண்ணுக்குத்தான் பொருந்தும்னும் சொன்னாரு. பொருந்தலீன்னா அந்தக் கொழந்தைய என்ன பண்ணுவ?

— மடில போட்டு வளத்துவேன். வேறென்ன பண்ணுவாங்க?

— அதும் மூஞ்சியப் பாக்கறப்பல்லாம், இவளுக்கு ஒதவாமப் போச்சேன்னு நெனைக்க மாட்டியா? இது ஞாயமே இல்ல, கண்ணாத்தா.

— ஞாயமெல்லாம் நல்லாத்தான் பேசறீங்க. என்ற மூஞ்சியப் பாத்துப் பேசுங்க.

— நான் எங்கியோ பாத்தாப் பேசறேன்?

— ரிப்பனத்தான் பாத்துட்டு இருக்கறீங்க. அதைய மடிச்சது போதும், குடுங்க இங்க.

— எனக்கு இனிமேக் கொழந்தை பொறக்காது.

— ஏனாம்?

— எமர்ஜென்சியப்ப லைசென்ஸ் புதுப்பிக்கப் போனேனில்ல? குடும்பக் கட்டுப்பாடு பண்ணுன சீட்டக் கொண்டான்னுட்டாங்க. வண்டி நின்னாச் சோத்துக்கு எங்க போறது? பள்ளிக்கூடத்துல கேம்ப் போட்டிருந்தாங்க. போயிப் படுத்துட்டேன். ஆந்திராவுல போர் வேலைன்னு உன்கிட்டப் பொய் சொன்னேன்.

— ம்.

— ஒத்தப் புள்ளையோட வயிறு அடைச்சுப் போச்சுன்னு எங்கம்மா உன்னையப் பேசறப்பெல்லாம் வாய மூடீட்டு இருந்தேன். நீ கோயில் மரத்துல தொட்டில் கட்டுனப்ப, கெளைய வளைச்சுப் புடிச்சதே நாந்தான். நான் படுக்காம இருந்திருந்தா ஒண்ணாச்சும் பொறந்திருக்கும். இன்னிக்கு எட்டு வயசாயிருக்கும், பொருந்துதான்னு ரத்தம் பாக்க, பெஞ்சுல உக்காந்து கைய நீட்டியிருக்கும்... அறுத்ததைய ஒட்டலாம்னு சொல்றாங்க, கண்ணாத்தா. நாளைக்கே போறேன்.

— காலைலயே டாக்டருகிட்டக் கேட்டுட்டேனுங்க. ஒட்டி, அது தங்கி, பொறந்து... மயிலுக்கு அத்தன நாளு இல்லைன்னுட்டாரு.

— ஒட்டறதைய நீ கேட்டியா? அப்ப உனக்கு...

— இவளுக்கு ரெண்டு வயசிருக்கறப்பவே அந்தக் கேம்ப்புல இருந்த நர்சம்மா சொல்லீட்டாங்க.

— தெரிஞ்சுட்டேதானா இன்னொண்ணு பெத்துக்குவமான்னு கேட்ட?

— நீங்களாச் சொல்லோணும்னு. கடைசி வரைக்கும் ஞாயத்தையே பேசீருவீங்களோன்னு பயந்துட்டேன்.

— பின்ன ஏன் புள்ள தொட்டில் கட்டுன?

— அத்தை கட்டச் சொன்னாங்க, கட்டுனேன். ஒண்ணும் வேண்டிக்கல.

— எம்மேல கோவமே வல்லியா?

— கோவமா? நர்சம்மா சொன்ன அன்னிக்கு நிம்மதியாத் தூங்குனேனுங்க. அவ ஒருத்தி போதும்னு இருந்துச்சு. இன்னிக்கும் அப்பிடித்தானுங்க இருக்குது.